சர்வர் மெமரி: வேலூர் வட்டாரத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் இருந்துகொண்டு, ராணிப்பேட்டை தோல் ஆலைகள், ஆம்பூர் ஷூ கம்பெனிகள், வேலூர்ப் பள்ளிகள், ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் என்று சிறிதும் நடுத்தரமுமான இடங்களில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பழைய வட ஆற்காடு இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. ஆனால் எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மெமரி பத்தலை, இன்னும் எவ்வளவு ரேம் போடணும்?"

நேரில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் புது ரேம் தேவைப்படாது. இருக்கும் ரேமை யார் எடுத்துக்கொள்கிறார்கள், யாருக்குக் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துச் சரிசெய்தால் போதும். சர்வர் ரேமின் விலை லேசானதல்ல. தேவையில்லாமல் ஒருவரை அதை வாங்க வைக்க எனக்கு மனசு வராது. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் நான் சொல்வது லினக்ஸ் சர்வர்களைப் பற்றி.

"2 டிபி டிஸ்க் போட்டிருக்கோம் சார். அப்புறம் ஏன் மெமரி பத்தலைன்னு வருது?"

டிஸ்க் வேறு, ரேம் வேறு. லாங் பஜாரில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் குடோன்தான் டிஸ்க். கல்லாவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் அலமாரி ரேம். குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கேட்ட பொருள் அலமாரியில் இல்லாவிட்டால் பையன் எழுந்து உள்ளே போய்த்தான் வர வேண்டும்.

அந்த நடை எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ வினாடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு நேரம் ஆகும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கிட்டத்தட்ட லட்சம் மடங்கு.

"32 ஜிபி போட்டிருக்கு, ஃப்ரீயா 800 எம்பிதான் காட்டுது. மெமரி தீர்ந்துபோச்சா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். போன மாதம் ஒரு பரிசோதனைக் கூடத்தின் சர்வரில் 'ஃப்ரீ' கட்டளை காட்டியது இது: மொத்தம் 31 ஜிபி, யூஸ்டு 9, ஃப்ரீ 0.8, பஃப்/கேஷ் 21, அவைலபிள் 21. பார்த்தவர் 0.8ஐ மட்டும் பார்த்துப் பயந்துவிட்டார். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் அவைலபிள். அந்த சர்வர் இன்னும் 21 ஜிபி வரை தாராளமாகக் கொடுக்கும் நிலையில் இருந்தது.

டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த ஃபைலை லினக்ஸ் சும்மா இருக்கும் ரேமில் வைத்துக்கொள்கிறது. இதுதான் கேஷ். அடுத்த முறை கேட்டால் குடோனுக்குப் போக வேண்டாம். ஏதாவது புரோகிராம் இடம் கேட்டால், வைத்திருப்பதை உடனே விட்டுக்கொடுத்துவிடும். எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவைலபிள். இந்தக் கணக்கு 2014 இல் வந்த 3.14 கெர்னலிலிருந்துதான் கிடைக்கிறது (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி). அதற்கு முந்தைய கெர்னலில் பழகியவர்கள் இன்னும் ஃப்ரீயையே பார்க்கிறார்கள். விண்டோஸ் சர்வரும் இதே வேலையைச் செய்கிறது. அங்கே அதன் பெயர் ஸ்டாண்ட்பை. சும்மா கிடக்கும் ரேம் நீங்கள் காசு கொடுத்து வாங்கி மூடி வைத்த ரேம்.

"அப்போ ராத்திரி ராத்திரி கேஷை க்ளியர் பண்ற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட்டுக்கலாமா?"

வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவர் மணிக்கு ஒருமுறை கேஷைக் காலிசெய்யும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு மணியும் முடிந்த கையோடு ஐந்து நிமிடம் பில் போட முடியவில்லை என்று கணக்குப் பிரிவினர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு வரியை நீக்கியதும் புகார் நின்றது.

வேக அளவீடு எடுக்கும்போது, எல்லாச் சோதனையும் ஒரே நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகக் கேஷைக் காலிசெய்யலாம். ஓடும் சர்வரில் அதற்கு வேலையே இல்லை.

"எல்லா பிராசஸும் எடுக்கற மெமரியைக் கூட்டினா 90 ஜிபி வருது. இருக்கிறதே 32தான். கணக்கு எப்படி சார் ஒத்துப்போகும்?"

டாப் கட்டளையில் ஆர்இஎஸ் என்று காட்டும் எண்ணில், பல பிராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்) பகிர்ந்துகொள்ளும் பகுதியும் சேர்ந்திருக்கும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் 8 ஜிபி பொது இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்து ஜிபியைத் தொட்ட பத்துப் பிராசஸ்களும் தனித்தனியாக "நான் 5 ஜிபி" என்று சொல்லும். கூட்டினால் 50. உள்ளே இருப்பது அதே ஒரு இடம்தான்.

சரியான பங்கு தெரிய வேண்டும் என்றால் பிஎஸ்எஸ் என்ற எண்ணைப் பாருங்கள். பகிர்ந்த பக்கத்தை (ரேமின் ஒரு சிறு துண்டு) பத்துப் பேர் பயன்படுத்தினால் ஒவ்வொருவர் கணக்கிலும் பத்தில் ஒரு பங்குதான் அது எழுதும். ஸ்மெம் என்ற சிறு கருவியை நிறுவிக்கொண்டால் இதைப் பட்டியலாகவே காட்டும்.

"ஸ்வாப்ல 2 ஜிபி போயிருக்கு. ஆபத்தா?"

ஸ்வாப் என்பது ரேமிலிருந்து வெளியே அனுப்பும் பக்கங்களை வைக்க டிஸ்கில் ஒதுக்கிய இடம். எண்ணை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். காலையில் ஒருமுறை ஓடிவிட்டு அப்புறம் தூங்கும் புரோகிராம்களின் பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தை உபயோகமாக வைத்துக்கொள்வது நல்ல காரியம். ஆபத்து என்பது போவதும் வருவதுமாக இருப்பது. விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு வினாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். இரண்டும் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால் அந்த 2 ஜிபி அமைதியாகக் கிடக்கிறது, விட்டுவிடலாம். இரண்டிலும் எண்கள் விடாமல் ஓடினால் சர்வர் மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

"ஸ்வாப்பையே எடுத்துட்டா வேகமா ஓடும்னு சொல்றாங்களே?"

ஸ்வாப் இல்லாத சர்வரில் நெருக்கடி வந்தால், கெர்னல் கடைசியில் புரோகிராம்களின் நிரல் பக்கங்களையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி மறுபடி டிஸ்கிலிருந்து படிக்கும். திரை அப்படியே உறைந்து நிற்கும். எனவே கொஞ்சமாவது ஸ்வாப் வைத்திருங்கள். டேட்டாபேஸ் சர்வர்களில், ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் எண்ணை வழக்கமான 60லிருந்து 10 போலக் குறைப்பேன், பூஜ்யமாக்க மாட்டேன்.

டிஸ்க் மெதுவானது என்றால் இசட்ஸ்வாப் அல்லது இசட்ரேம் நல்ல வழி. வெளியே அனுப்ப வேண்டிய பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைப்பதுதான் இரண்டின் வேலையும். இசட்ஸ்வாப்புக்குப் பின்னால் உண்மையான ஸ்வாப் வேண்டும். இசட்ரேம் தனியாகவே நிற்கும். சுருக்கவும் விரிக்கவும் பிராசஸர் கொஞ்சம் செலவாகும். ஆனால் முதல் பதிலில் சொன்ன ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

"மாசாமாசம் சம்பளம் போடற அன்னிக்கு டேட்டாபேஸ் தானா நின்னுடுது. வைரஸா அண்ணா?"

வைரஸ் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். 16 ஜிபி சர்வர். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்குப் பஃபர் பூல் (தகவலை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) 10 ஜிபி கொடுத்திருந்தார்கள். அதே சர்வரில் வலைப்பக்கங்களை இயக்கும் பிஹெச்பி. அதற்கு அதிகபட்சம் 150 வேலையாட்கள் (ஒர்க்கர் பிராசஸ்கள்) என்று எழுதியிருந்தது. ஒரு வேலையாள் சராசரியாக 60 எம்பி. சாதாரண நாளில் இருபது பேர்தான் ஓடுவார்கள், 1.2 ஜிபி, பிரச்சினையே இல்லை. சம்பள நாளில் எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, 150 பேரும் எழுந்தார்கள். 9 ஜிபி. பத்தும் ஒன்பதும் பத்தொன்பது, இருப்பதோ பதினாறு.

இடமே இல்லாத நிலையில் கெர்னல் ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்று இடம் எடுக்கும். இதற்கு ஓஓஎம் கில்லர் என்று பெயர். அது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருப்பவரையே தேர்ந்தெடுக்கும். தப்பு சின்னவர்கள் நூற்றைம்பது பேருடையது, அடிபட்டது பெரியவர். கெர்னலின் டிமெசேஜ் பதிவில் "அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்" என்று நேரத்தோடு எழுதியே இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பஃபர் பூலை 8 ஜிபி ஆக்கினோம், வேலையாட்களை 60 ஆகக் குறைத்தோம். எட்டும் மூன்றரைச் சொச்சமும் போக நாலு ஜிபிக்கு மேல் சிஸ்டத்துக்கும் கேஷுக்கும் மிச்சம். அறுபத்தொன்றாவது ஆள் வந்தால் சில நொடி வரிசையில் நிற்பார். ஆனால் யாரும் சாக மாட்டார்கள். ரேம் ஒன்றும் வாங்கவில்லை. அடுத்த சம்பள நாள் மாலை அந்த ஊர் கணக்காளர் போன் செய்து, ஏழு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். எனக்கு அன்று ரொம்ப நிம்மதியாக இருந்தது.

"டேட்டாபேஸுக்கு எவ்வளவு கொடுக்கணும்னு ஒரு கணக்குச் சொல்லுங்களேன்."

எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்தது. மைஎஸ்கியூஎல்லின் பஃபர் பூல் நிறுவும்போது வெறும் 128 எம்பிதான். அதை அப்படியே விட்டுவிட்டு "64 ஜிபி போட்டும் ஸ்லோ" என்று சொல்பவர்கள் நிறைய. தனி சர்வர் என்றால் ரேமில் 50 முதல் 75 சதவீதம் கொடுக்கலாம். போஸ்ட்கிரஸ் சிஸ்டத்தின் கேஷையும் நம்பி வேலை செய்வது. அதன் பொது இடமான ஷேர்டு பஃபருக்கு 25 சதவீதத்தில் தொடங்குங்கள். அதில் வொர்க் மெம் என்ற எண்ணில் கவனம் வேண்டும். அது ஒரு சர்வருக்கான அளவல்ல, டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்விக்கானதும் (குவெரி) அல்ல. ஒரு கேள்விக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாக அந்த அளவு போகும். 64 எம்பி வைத்து, 100 பேர் ஆளுக்கு இரண்டு வரிசைப்படுத்தல் செய்தால் 12.8 ஜிபி.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் நிலைமை நேர் எதிர். அதிகபட்ச அளவு நாம் எழுதாவிட்டால் அதற்கு வரம்பே இல்லை, இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். 32 ஜிபி சர்வரில் வேறு பெரிய வேலை இல்லையென்றால் 24 ஜிபி என்று வரம்பு எழுதுங்கள்.

"வாரம் ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணா நல்லா ஓடுது. அது போதாதா?"

ஏதோ ஒன்று வளர்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. எது என்று கண்டுபிடிக்க, ஒரு வாரம் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிராசஸின் அளவையும் ஒரு ஃபைலில் எழுதிவையுங்கள். முதல் இரண்டு நாள் ஏறி அப்புறம் சமமாக நின்றால் அது சூடாகித் தன் இயல்பான அளவுக்கு வந்திருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் கசிவு, அதாவது வாங்கிய இடத்தைப் புரோகிராம் திருப்பித் தரவில்லை. நிரலை எழுதியவர்தான் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, கசிவு போலவே தெரியும். பல இழைகளில் (த்ரெட்) ஓடும் புரோகிராமுக்கு, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி அரீனா என்ற தனித்தனிப் பகுதிகளில் இடம் பிரித்துத் தருகிறது. 64 பிட் சிஸ்டத்தில் ஒரு பிராசஸர் கோருக்கு 8 அரீனா வரை போகும். 16 கோர் என்றால் 128. ஒவ்வொன்றிலும் விட்டுப்போன துண்டு துண்டான இடம் சேர்ந்து பெரிதாகிவிடும். மேலாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். சில இடங்களில் பாதியாகக் குறைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"64 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்கறதா, இல்ல எட்டு 8 ஜிபியா?"

சர்வர் பிராசஸர் ரேமோடு பேசப் பல சேனல்கள் (தனித்தனிப் பாதைகள்) உண்டு. 2017 இல் வந்த இன்டெல் ஜியான் ஸ்கேலபிள் முதல் தலைமுறைக்கு 6. ஏஎம்டி எபிக்கின் முதல் மூன்று தலைமுறைகளுக்கு 8. அதற்கடுத்த ஜெனோவாவுக்கு 12. டிடிஆர்4 3200 ரகத்தில் ஒரு சேனல் வினாடிக்கு 25.6 ஜிபி கொண்டுவரும். எட்டுச் சேனல் சர்வரில் ஒரே ஸ்டிக் போட்டால் அந்த 25.6தான். எட்டு ஸ்டிக்கைச் சேனலுக்கு ஒன்றாகப் போட்டால் 204.8. கொள்ளளவு அதே 64 ஜிபி.

மூடியைத் திறந்து பார்த்தால் பிராசஸரின் இரு பக்கமும் ஸ்லாட்டுகள் இருக்கும். பல போர்டுகளில் முதலில் நிரப்ப வேண்டியவற்றின் கிளிப் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். எந்த வரிசையில் நிரப்புவது என்று மூடியின் உட்புறமே படம் ஒட்டியிருப்பார்கள். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ஆர்டர் செய்யுங்கள். வேகம் வேறான ஸ்டிக்குகளைக் கலந்தால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கிவிடும். நாளை கூட்ட வேண்டும் என்று தெரிந்தால், எட்டு 16 ஜிபியாகவே வாங்கிவிடுவது என் யோசனை.

"டெஸ்க்டாப் ரேம் விலை கம்மி. அதையே போட்டா என்ன?"

பெரும்பாலான சர்வர் போர்டுகள் ரெஜிஸ்டர்டு வகையை (சிக்னலை இடையில் தாங்கி அனுப்பும் ரெஜிஸ்டர் சிப் உள்ளது) கேட்கும்; ரெஜிஸ்டர் இல்லாததோடு கலக்கவே முடியாது. அதைவிடப் பெரிய காரணம் ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதி. 64 பிட் தகவலோடு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் மாறிப்போனால் திருத்தும், இரண்டு மாறினால் கண்டுபிடித்துச் சொல்லும். டிடிஆர்5இல் சிப்புக்குள்ளேயே ஈசிசி இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள் நடப்பதை மட்டும் காக்கும். சிப்பிலிருந்து பிராசஸர் வரை வரும் வழியை அல்ல.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் 2009 இல் கூகுள் சர்வர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு சர்வர்களில் குறைந்தது ஒரு திருத்தத்தக்க பிழையாவது வந்திருந்தது. சம்பளக் கணக்கிலும் ரத்தப் பரிசோதனை முடிவிலும் ஒரு பிட் மாறுவதை நான் ஏற்க மாட்டேன். இந்தப் பிழைகளைப் பதிவுசெய்யும் ராஸ்டீமன் என்ற கருவியை நிறுவி மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரே ஸ்லாட்டில் பிழை எண்ணிக்கை ஏறினால் அந்த ஸ்டிக்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

"மே மாசத்துல மட்டும் சர்வர் மந்தமாகுது. நம்ம ஊர் வெயிலுக்கும் ரேமுக்கும் சம்பந்தம் இருக்கா?"

இருக்கிறது. ரேமில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி வினாடிக்குள் எல்லா வரிசையையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடுவதால் 32 மில்லி வினாடிக்குள் முடிக்க வேண்டும். 8 கிகாபிட் டிடிஆர்4 சிப் ஒவ்வொரு 7.8 மைக்ரோ வினாடிக்கும் 350 நானோ வினாடி இந்த வேலைக்காக ஒதுங்குகிறது. அதாவது நேரத்தில் சுமார் 4.5 சதவீதம். சூட்டில் அது 9 ஆகிறது. பிராசஸரும் அதே சூட்டில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டும் சேர்ந்து தெரியும்.

கத்திரி வெயிலில் அறை 40 டிகிரி ஆனாலே ரேம் 85 ஆகிவிடாது. முன்பக்க வலையில் தூசி அடைத்து, காற்று போகாமல், ஏசியும் இரவில் அணைத்துவிட்டால்தான் அங்கே போகும். தோல் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் அந்தத் தூசி மெழுகு போல ஒட்டியிருக்கும். ஏப்ரலிலேயே ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். காலி ரேம் ஸ்லாட்டில் பிளாஸ்டிக் வெற்றுப் பட்டை வைத்துக் கொடுத்திருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். காற்றைச் சரியான வழியில் திருப்புவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

"ரெண்டு பிராசஸர் சர்வர். பாதி ரேம் காலியா இருக்கு, ஆனா ஸ்வாப் ஓடிட்டே இருக்கு. எப்படி?"

ஒவ்வொரு பிராசஸருக்கும் தன் பக்கத்து ரேம் உண்டு. அடுத்தவர் ரேமைத் தொட நேரம் அதிகம். நூமா என்பது இதுதான். நூமாகண்ட்ரோல் கட்டளையில் பக்கத்து ரேமின் தூரம் 10 என்றும் அடுத்த பக்கம் 21 என்றும் வழக்கமாகக் காட்டும். டேட்டாபேஸ் தன் பெரிய இடத்தை ஒரு பக்கத்திலேயே பிடித்துவிட்டால், அந்தப் பக்கம் நிரம்பி ஸ்வாப்புக்குப் போகும். மறுபக்கம் காலியாகக் கிடக்கும். மைஎஸ்கியூஎல்லில் நூமா இன்டர்லீவை இயக்கினால் இரண்டு பக்கமும் மாறி மாறி இடம் எடுக்கும். சின்னச் சின்ன சேவைகள் பல என்றால், ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் கட்டிவைப்பது இன்னும் நல்லது.

"போஸ்ட்கிரஸுக்கு நீங்க சொன்ன அளவுதான் வெச்சேன். ஆனாலும் 6 ஜிபி எங்கே போகுதுன்னே தெரியலை."

மெம்இன்ஃபோ ஃபைலில் பேஜ் டேபிள்ஸ் என்ற வரியைப் பாருங்கள். ரேமை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, எந்தப் பக்கம் எங்கே என்று ஒவ்வொரு பிராசஸும் தனித் தனி அட்டவணை வைத்துக்கொள்கிறது. ஒரு பதிவுக்கு 8 பைட். 16 ஜிபி ஷேர்டு பஃபர் முழுவதையும் தொட்ட ஒரு பிராசஸின் அட்டவணை 32 எம்பி. 200 இணைப்புகள் என்றால் 6 ஜிபிக்கு மேல். இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், அட்டவணையைப் பகிர்ந்துகொள்ளவில்லை. பிஎஸ்எஸ் கணக்கிலும் இது வராது.

2 எம்பி ஹியூஜ் பேஜ் வைத்தால் அதே அட்டவணை ஒரு பிராசஸுக்கு 64 கேபி. 32 எம்பி எங்கே, 64 கேபி எங்கே. அதோடு, சில இணைப்புகளையே பலருக்கும் மாற்றி மாற்றித் தரும் ஒரு பூலர் வைத்து இணைப்புகளையும் குறையுங்கள். தானாகப் பெரிய பக்கம் ஒதுக்கும் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் வேறு விஷயம். ரெடிஸ் (தகவலை ரேமிலேயே வைக்கும் டேட்டாபேஸ்) ஓடும் சர்வரில் அதை அணைத்துவிடுங்கள் என்று ரெடிஸ் ஆவணமே சொல்கிறது.

"ஜாவாவுக்கு 31 ஜிபி இருந்தப்போ நல்லா ஓடுச்சு. 36 ஆக்கினதும் இன்னும் மோசம். ஏன்?"

ஹீப் (ஜாவா தன் தகவலை வைக்க எடுக்கும் ரேம்) 32 ஜிபிக்குக் கீழே இருக்கும்வரை ஜாவா ஒவ்வொரு சுட்டியையும் (தகவல் இருக்கும் இடத்தின் முகவரி) 4 பைட்டில் சுருக்கி வைக்கிறது. தாண்டினால் 8 பைட். கூட்டிய 5 ஜிபியைச் சுட்டிகளே தின்றுவிடும். 31லேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் தாராளமாக 48க்குப் போங்கள்.

"64 ஜிபி ஹோஸ்ட்ல 16 ஜிபி வீஎம் ஆறு ஓட்டலாமா?"

ஹோஸ்ட் என்பது உண்மையான சர்வர், வீஎம் அதற்குள் ஓடும் மெய்நிகர் சர்வர். ஆறும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்காதவரை ஓடும். ஒரே மாதிரி பக்கங்களை ஒன்றாக்கும் கேஎஸ்எம் 2009 முதல் லினக்ஸில் இருக்கிறது; எல்லா வீஎம்மும் ஒரே ஓஎஸ் என்றால் நன்றாக உதவும். எல்லாம் உங்களுடைய வீஎம்களாக இருந்தால் மட்டும் இயக்குங்கள். வெளியாட்களோடு பகிரும் ஹோஸ்டில் அது ரகசியம் கசிய வழி தரும். டிஸ்க் கேஷை ஹோஸ்டில் 'நன்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் அதே ஃபைலை வீஎம்மும் ஹோஸ்டும் இரண்டு முறை ரேமில் வைத்துக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் வீஎம்முக்கு மட்டும் முழு அளவையும் ஒதுக்கி உறுதிசெய்துவிடுங்கள்.

"சரி, உண்மையிலேயே ரேம் வாங்கணும்னு எப்போ முடிவு பண்றது?"

2018 இல் வந்த 4.20 கெர்னல் முதல் 'பிரஷர்' என்ற கோப்புறையில் மெமரிக்கு ஒரு ஃபைல் இருக்கிறது. சில லினக்ஸ்களில் பூட் ஆகும்போது இயக்கிவிட வேண்டியிருக்கும். அதில் 'சம்', 'ஃபுல்' என்று இரண்டு வரி. மெமரிக்காகச் சிலர் காத்திருந்த நேரத்தின் சதவீதம் முதல் வரியில். எல்லோருமே காத்திருந்த நேரம் இரண்டாவதில். கடைசி 10, 60, 300 வினாடிகளுக்கான சராசரி தனித்தனியாக இருக்கும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைவிட, யாராவது காத்திருக்கிறார்களா என்பதே சரியான கேள்வி. அதற்கு நேரடியாகப் பதில் சொல்வது இந்த ஃபைல்.

வேலையாட்கள் எண்ணிக்கை, டேட்டாபேஸ் அளவு, கசிவு எல்லாம் மேலே சொன்னபடி சரிசெய்த பிறகும், பரபரப்பான நேரத்தில் 'ஃபுல்' வரியின் 300 வினாடி சராசரி பூஜ்யத்துக்கு வராமல் நின்றால் வாங்குங்கள். புது ஸ்டிக் வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் திரையில் பிழை பூஜ்யம் என்று பார்த்த பிறகு சர்வரை வேலைக்குத் திறந்துவிடுங்கள்.